எழுத்து பொடியா, மங்கலா, பாதி வெட்டுப்பட்டதா? திரை ரெசல்யூஷன் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

என் அத்தை ஒருநாள் போன் செய்து, "கண்ணாடி பவர் ஏறிடுச்சு போலடா, லேப்டாப்புல எல்லாமே புகைமூட்டமா தெரியுது" என்றார். போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு, யாரோ ஒருவர் உதவி செய்வதாக நினைத்து 1920 × 1080 ஆக இருந்த ரெசல்யூஷனை 1280 × 720 ஆகக் குறைத்துவிட்டுப் போயிருந்தார். எழுத்து பெரிதாகிவிட்டது, உண்மைதான். ஆனால் ‘எண்ணினான்’ என்ற சொல்லில் மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மெய்யெழுத்தின் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கறைபோலக் கிடந்தன.

ரெசல்யூஷனை 1920 × 1080-க்கே திருப்பிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ‘ஸ்கேல்’ என்ற இடத்தில் 150 சதவீதம் வைத்தேன். எழுத்து அதே பெரிய அளவில், ஆனால் அச்சடித்த மாதிரி நின்றது. கணக்குப் போட்டால் இரண்டும் ஒரே அளவுதான்: 1920-ஐ 1.5-ஆல் வகுத்தால் 1280, 1080-ஐ வகுத்தால் 720. அளவு ஒன்று, தெளிவு வேறு. திரைக் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வருகின்றன.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ரெசல்யூஷன் என்பது கணினி திரைக்கு எத்தனை புள்ளி (பிக்சல்) கொண்ட படத்தை அனுப்புகிறது என்பது. ஸ்கேல் என்பது ஓர் எழுத்தை வரைய எத்தனை புள்ளி செலவழிக்கிறது என்பது. இன்றைய தட்டைத் திரைகளில் புள்ளிகள் ஆலையிலேயே பதிக்கப்பட்டுவிடுகின்றன. 1920 × 1080 திரையில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். அவற்றைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. 1366 × 768 படத்தை அந்தத் திரைக்கு அனுப்பினால், ஒரு புள்ளி அகலமுள்ள கோட்டை 1.4 புள்ளியில் வரைய வேண்டியிருக்கும். பாதிப் புள்ளி என்று ஒன்று கிடையாதே! அதனால் பக்கத்துப் புள்ளியில் சாம்பல் நிறத்தைப் பூசி ஒப்பேற்றுகிறது. அந்தச் சாம்பல்தான் அத்தை பார்த்த புகைமூட்டம்.

பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த பழைய டப்பா மானிட்டர்களில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் எலக்ட்ரான் கற்றை திரையைத் தடவித்தான் படம் வரைந்தது. 640 × 480, 800 × 600, 1024 × 768 எதை வைத்தாலும் ஏறக்குறைய ஒரே தரத்தில் காட்டும். எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் ரெசல்யூஷனைக் குறை என்ற பழக்கம் அந்தக் காலத்திலிருந்து வந்தது. மானிட்டர் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ திறந்தால், ‘டிஸ்ப்ளே ரெசல்யூஷன்’ பட்டியலில் ஒன்றின் பக்கத்தில் ‘ரெகமெண்டட்’ என்று போட்டிருக்கும். பெரும்பாலும் அதுதான் திரையின் பிறவி ரெசல்யூஷன். வேறு எண் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் இதற்கு மாற்றிவிட்டு, அப்புறம் கீழே படியுங்கள். பாதிப் பேருக்கு அதற்குமேல் படிக்கத் தேவை இருக்காது.

அறிகுறி: எழுத்து தெளிவாக இருக்கிறது, ஆனால் பொடியாக இருக்கிறது

இது கோளாறே இல்லை. புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன, அவ்வளவுதான். ஸ்கேலைக் கூட்டுங்கள். 100, 125, 150, 175 என்று பட்டியல் இருக்கும். எதை வைப்பது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. திரையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்து, அதை ஸ்கேலால் வகுத்தால் ஏறக்குறைய 90-லிருந்து 110-க்குள் வர வேண்டும். கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இந்த அளவு ஒத்துவரும். விண்டோஸ் 100 சதவீதம் என்று சொல்வதே அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கை வைத்துத்தான்.

24 அங்குல 1920 × 1080 மானிட்டரில் அங்குலத்துக்கு 92 புள்ளி. அதற்கு 100 சதவீதம் போதும். அதே 1920 × 1080 ரெசல்யூஷன் 15.6 அங்குல லேப்டாப்பில் 141 புள்ளியாக நெருங்கிவிடும். 125 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். 14 அங்குலத்தில் 157. அங்கே 150 வேண்டும். 27 அங்குல 2560 × 1440 மானிட்டரில் 109 புள்ளி, 100 சதவீதத்திலேயே சமாளிக்கலாம். 27 அங்குல 4கே, அதாவது 3840 × 2160, 163 புள்ளி. 150 வைத்தால் சரியாக இருக்கும். 4கே மானிட்டர் வாங்கிவிட்டோமே, இடம் நிறைய வேண்டும் என்று 100 சதவீதத்திலேயே விட்டுவிட்டு, மூக்கைத் திரையில் முட்டிக்கொண்டு வேலை பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 4கே வாங்குவது எழுத்தின் கூர்மைக்காக. இடத்துக்காக என்றால் பெரிய திரை வாங்க வேண்டும்.

கணக்கு வேண்டாம், கண்ணால் பார்த்தே முடிவு செய்கிறேன் என்றால் தமிழ் எழுத்தை வைத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்து எட்டுப் பத்துப் புள்ளி உயரத்தில்கூடப் படிக்க வந்துவிடும். நம் எழுத்தில் சுழியும் வளைவும் கொம்பும் அதிகம்; கொஞ்சம் இடம் குறைந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ‘கண்ணன் ஞாயிறன்று மூங்கில் கூடை பின்னினான்’ என்று தட்டச்சு செய்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் நிமிர்ந்து உட்காருங்கள். மூன்று சுழி ண-வில் மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிகிறதா, மூ-வின் கடைசி வளைவு தெரிகிறதா, மெய்யெழுத்துப் புள்ளி எழுத்தைத் தொடாமல் நிற்கிறதா? எல்லாம் சரி என்றால் அந்த ஸ்கேல் உங்களுக்கு ஏற்றது. முன்னால் குனிந்தால்தான் தெரிகிறது என்றால் ஒரு படி ஏற்றுங்கள்.

எழுத்து மட்டும் பெரிதானால் போதும், பொத்தானும் ஐகானும் இப்படியே இருக்கட்டும் என்பவர்களுக்கு ‘ஆக்சசிபிலிட்டி’ பகுதியில் ‘டெக்ஸ்ட் சைஸ்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. இணையப் பக்கங்கள் மட்டும்தான் பொடி என்றால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் தீர்ந்தது. உலாவி அந்தத் தளத்துக்கான அளவை நினைவிலும் வைத்துக்கொள்ளும்.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சதவீதம் காட்டாது. ‘டிஸ்ப்ளேஸ்’ பகுதியில் ‘லார்ஜர் டெக்ஸ்ட்’ முதல் ‘மோர் ஸ்பேஸ்’ வரை வரிசையாக இருக்கும், வேலை ஒன்றுதான். உபுண்டுவின் பல பதிப்புகளில் ‘டிஸ்ப்ளேஸ்’ பகுதியில் ‘ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங்’ என்பதை இயக்கினால்தான் 125, 150 போன்ற இடைப்பட்ட அளவுகள் வரும்.

விண்டோஸில் ‘கஸ்டம் ஸ்கேலிங்’ என்ற பெட்டியில் நம் விருப்பப்படி ஓர் எண்ணைப் போடலாம். முடிந்தவரை அந்தப் பக்கம் போகாதீர்கள். 118 என்று ஏறுமாறாக எதையாவது போட்டால் பல நிரல்களில் கோடுகள் ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் வரும். அதை நீக்க வேண்டுமென்றால் விண்டோஸிலிருந்து வெளியேறி (சைன் அவுட்) மறுபடி உள்நுழைய வேண்டும்.

அறிகுறி: எழுத்து மங்கல்

இதுதான் பலமுகம் கொண்டது. எங்கே மங்கல் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நிரலில் மட்டும் மங்கல், மற்றதெல்லாம் பளிச் என்றால் திரைமேல் குற்றமில்லை. அந்த நிரல் ஸ்கேல் என்ற சமாச்சாரம் தெரியாத காலத்தில் எழுதப்பட்டது. அது 100 சதவீதத்தில் வரைந்து கொடுக்க, விண்டோஸ் அதைப் படமாக எடுத்து இழுத்துப் பெரிதாக்குகிறது. கணக்குவழக்கு மென்பொருள்கள், பழைய தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் இவற்றில் அடிக்கடி பார்க்கலாம். அந்த நிரலின் ஐகானில் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘கம்பாட்டிபிலிட்டி’, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்று போனால் கீழே ‘ஓவர்ரைடு’ என்று ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்து, முதலில் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ வைத்துப் பாருங்கள். பல பழைய நிரல்களுக்கு அதுவே போதும். சரியாகவில்லை என்றால் ‘அப்ளிகேஷன்’ வையுங்கள். எழுத்து கூர்மையாகும், ஆனால் நிரல் சின்னதாகத் தெரியலாம். இரண்டில் ஒன்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஸ்கேலை இப்போதுதான் மாற்றினீர்கள், ஏற்கெனவே திறந்திருந்த நிரல்கள் மங்கல் என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். ஒருமுறை வெளியேறி உள்நுழையுங்கள்.

திரை முழுக்க மங்கல், ரெசல்யூஷனும் சரியாகத்தான் இருக்கிறது என்றால் கேபிளைப் பாருங்கள். மூன்று வரிசையில் 15 ஊசிகளோடு, இரண்டு பக்கமும் திருகு வைத்த நீல நிற பிளக் என்றால் அது விஜிஏ. அதில் போவது அனலாக் சமிக்ஞை. மானிட்டர் அதைப் பார்த்துப் புள்ளி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஊகிக்கிறது. ஊகம் தப்பினால் செங்குத்துக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். மானிட்டரில் ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்தினால் மறுபடி ஊகிக்கும். ஆனால் கறுப்பு வால்பேப்பர் இருக்கும்போது அழுத்தாதீர்கள். படத்தின் ஓரம் எங்கே என்று அதற்குப் பிடிபடாது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு அழுத்துங்கள். ஹெச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு வழி இருந்தால் மாற்றிவிடுங்கள். இந்த ஊகத் தொல்லையே இருக்காது.

கேபிளும் சரியா? ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ பக்கத்தில் இரண்டு வரிகள் இருக்கும்: ஒன்று டெஸ்க்டாப்பின் ரெசல்யூஷன், மற்றது மானிட்டருக்கு உண்மையில் போய்க்கொண்டிருக்கும் சமிக்ஞையின் ரெசல்யூஷன். இரண்டு எண்ணும் வேறாக இருந்தால், டெஸ்க்டாப் ஓர் அளவில் இருக்க, கிராபிக்ஸ் கார்டு நடுவில் புகுந்து அதை இழுத்தோ சுருக்கியோ அனுப்புகிறது. இரண்டும் பிறவி ரெசல்யூஷனாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தின் ஓரத்தில் சிவப்பு, நீலச் சாயம் ஒட்டினாற்போல் தெரிகிறது என்றால் ‘க்ளியர்டைப்’ வேலை. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்னக் கீற்றுகள் இந்த வரிசையில் நிற்கின்றன என்று நம்பி அது எழுத்தை மெருகேற்றுகிறது. சில ஓஎல்இடி திரைகளிலும், செங்குத்தாகத் திருப்பி வைத்த மானிட்டரிலும் அந்த வரிசை வேறு. ஸ்டார்ட் மெனுவில் ‘க்ளியர்டைப்’ என்று தேடினால் ‘எது தெளிவாக இருக்கிறது’ என்று மாதிரிகளைக் காட்டிக் கேட்கும். பொறுமையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் இந்த வித்தையை 2018-இல் வந்த மொஜாவி பதிப்போடு கைவிட்டுவிட்டார்கள். அதனால் புள்ளி நெருக்கம் குறைந்த மானிட்டரை மேக்கில் மாட்டினால் எழுத்து கொஞ்சம் சோர்ந்துதான் தெரியும். அதற்கு செட்டிங்ஸில் மருந்து தேட வேண்டாம்.

அறிகுறி: டிவியில் மாட்டினால் ஓரம் வெட்டுப்படுகிறது

டாஸ்க்பார் பாதி காணவில்லை, ரீசைக்கிள் பின் ஐகானின் இடதுபக்கம் திரைக்கு வெளியே போய்விட்டது என்றால் அது ‘ஓவர்ஸ்கேன்’. பழைய ஒளிபரப்பில் படத்தின் ஓரங்கள் பிசிறடிக்கும் என்பதால் டிவிகள் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை மறைத்தன. அந்த வழக்கம் இன்னும் பல டிவிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு ரெசல்யூஷனைத் தொடாதீர்கள். டிவி ரிமோட்டை எடுத்து, பட அளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’, ‘1:1’ என்று ஏதாவது ஒரு பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்.

கையோடு இன்னும் இரண்டு வேலை. கணினி மாட்டியிருக்கும் ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றுங்கள். பல டிவிகள் அப்போதுதான் நிற விவரத்தைக் குறைக்காமல் காட்டும். இல்லையென்றால் கறுப்புமேல் சிவப்பு எழுத்து கலைந்து வழியும். ‘ஷார்ப்னெஸ்’ அளவையும் கீழே இறக்குங்கள். அது கூர்மையைக் கூட்டுவதில்லை. எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம்தான் போடுகிறது.

அறிகுறி: வட்டம் முட்டையாகத் தெரிகிறது

அகல உயர விகிதம் பொருந்தவில்லை. 16:9 திரைக்கு 1024 × 768 போன்ற 4:3 படத்தை அனுப்பினால் மனிதர்களெல்லாம் குண்டாகிவிடுவார்கள். பிறவி ரெசல்யூஷனுக்குத் திரும்புங்கள். பழைய 17, 19 அங்குலச் சதுர மானிட்டர்களில் பெரும்பாலானவை 1280 × 1024. அது 4:3 கூட இல்லை, 5:4. அதில் 1280 × 960 வைத்தாலும் முட்டைதான்.

அறிகுறி: ‘ஓகே’ பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது

ஸ்கேலைக் கூட்டச் சொன்னேன் அல்லவா, அதன் பக்கவிளைவு இது. 1366 × 768 திரையில் 125 சதவீதம் வைத்தால் உயரத்தில் மிஞ்சுவது 614 புள்ளிக்கான இடம்தான். அதிலும் டாஸ்க்பார் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். பிரிண்டர் அமைப்பு, படிவம் நிரப்பும் பெட்டி போன்றவை இதைவிட உயரமாக இருந்தால், கடைசியில் இருக்கும் பொத்தான்கள் பாதாளத்துக்குப் போய்விடும். மேலே இழுக்கலாம் என்றால் தலைப்புப் பட்டை திரையின் மேல் விளிம்பில் முட்டி நின்றுவிடும்.

அவசரத்துக்கு: ஆல்ட்டை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள், சின்ன மெனு வரும், அதில் ‘மூவ்’. அப்புறம் மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருங்கள். சுட்டியால் முடியாததை விசைப்பலகை செய்யும். தலைப்புப் பட்டை திரைக்கு மேலே ஏறிப் போய், கீழே இருந்து பொத்தான்கள் எழுந்து வரும். அதற்கும் அசையாத பெட்டி என்றால் டேப் விசையைத் தட்டித் தட்டிப் பொத்தானுக்குப் போய் என்டர் கொடுக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத பொத்தான் ‘ஓகே’யா ‘டெலீட்’டா என்பது உங்கள் பொறுப்பு.

நிரந்தரமாக வேண்டுமென்றால் இந்தத் திரைகளில் ஸ்கேலை 100-க்கு இறக்கிவிட்டு, எழுத்து அளவை ‘டெக்ஸ்ட் சைஸ்’ வழியாக மட்டும் கூட்டுங்கள். டாஸ்க்பார் தானாக மறையும்படியும் வைக்கலாம். 768 உயரம் இன்றைய நிரல்களுக்குப் போதவில்லை என்பதுதான் உண்மை. புதிதாக வாங்கும்போது இந்த ரெசல்யூஷனை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அறிகுறி: சரியான ரெசல்யூஷன் பட்டியலிலேயே இல்லை

பட்டியல் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கிறது, அல்லது 1024 × 768-க்கு மேல் எதுவும் காட்டவில்லை. ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ கீழே பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் உங்கள் கிராபிக்ஸ் சிப்புக்கான டிரைவர், அதாவது அந்தச் சிப்பை இயக்கும் நிரல், ஏறவில்லை. விண்டோஸ் ஏதோ ஒப்புக்குப் படம் காட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு இது சாதாரணம். லேப்டாப் என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தும், மேசைக் கணினி என்றால் இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகியவற்றில் எதன் சிப்போ அதன் தளத்திலிருந்தும் டிரைவரை இறக்கிப் போடுங்கள். டிரைவரைத் தேடிக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இலவச நிரல்கள் வேண்டவே வேண்டாம்.

டிரைவர் சரியாக இருந்தும் வெளி மானிட்டருக்கு மட்டும் ரெசல்யூஷன் குறைகிறது என்றால், மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரம் கணினிக்கு வந்து சேரவில்லை. தான் எந்தக் கம்பெனி, என்ன ரெசல்யூஷன் என்று மானிட்டர் கேபிள் வழியாக ஒரு சின்ன அறிமுகம் கொடுக்கும். கேபிளில் ஓர் ஊசி வளைந்திருந்தாலோ, நடுவில் மலிவான மாற்றி (அடாப்டர்) மாட்டியிருந்தாலோ அந்த அறிமுகம் வழியில் தொலைந்துவிடும். மாற்றியைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டிப் பாருங்கள்.

அறிகுறி: 4கே வருகிறது, ஆனால் சுட்டி இழுத்து இழுத்து நகர்கிறது

கணினி மெதுவாகிவிட்டது என்று தோன்றும். ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ பக்கத்தில் புதுப்பிப்பு வேகத்தைப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். ஹெச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்ப முடியும். 60 வேண்டுமென்றால் கணினி, மானிட்டர் இரண்டு முனையிலும் ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். கணினியில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள். சில மானிட்டர்களில் அவற்றின் மெனுவில் ஹெச்டிஎம்ஐ பதிப்பைக் கையால் 2.0-க்கு மாற்ற வேண்டியிருக்கும். எந்த வழியும் இல்லையென்றால் 2560 × 1440-இல் 60 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளலாம். கூர்மை கொஞ்சம் போனாலும், நாள் முழுக்க 30 ஹெர்ட்ஸில் சுட்டியைத் துரத்துவதைவிட மேல்.

அறிகுறி: மாற்றியதும் திரை கறுத்துவிட்டது

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ‘இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா’ என்று விண்டோஸ் கேட்டுக்கொண்டிருக்கும், உங்களுக்குத்தான் தெரியவில்லை. 15 நொடியில் பதில் வராவிட்டால் பழையபடி திருப்பிவிடும். பதற்றத்தில் என்டரைத் தட்டினால் ‘வைத்துக்கொள்’ என்று சொன்னதாக ஆகிவிடக்கூடும்.

திரும்பவில்லை, ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று மானிட்டர் மிதக்கவிடுகிறது என்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள்; கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பலனில்லையா? வேறு மானிட்டரையோ டிவியையோ மாட்டிப் பாருங்கள், அதில் படம் வந்துவிட்டால் அங்கிருந்தே சரிசெய்யலாம். கடைசி வழி, உள்நுழையும் திரை தெரிந்தால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுப்பது. ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ வழியாகப் போனால் மூன்றாவதாக ‘லோ ரெசல்யூஷன் வீடியோ’ இருக்கும். குறைந்த ரெசல்யூஷனில் திறந்ததும் சரியானதைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: இரண்டு மானிட்டர், சுட்டி நடுவில் முட்டிக்கொள்கிறது

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2 என்று இரண்டு செவ்வகங்கள் தெரியும். அவை ஒட்டியிருக்கும் விளிம்பு வழியாக மட்டும்தான் சுட்டி கடக்கும். கவனியுங்கள், அந்தச் செவ்வகங்கள் காட்டுவது திரையின் நிஜ அளவை அல்ல, புள்ளிகளின் எண்ணிக்கையை. 14 அங்குல லேப்டாப்பும் 24 அங்குல மானிட்டரும் இரண்டுமே 1920 × 1080 என்றால் இரண்டும் ஒரே அளவுச் செவ்வகமாகத் தெரியும். மேசையில் இருப்பதைப் போல அவற்றை இழுத்து வையுங்கள். சுட்டி அடிக்கடி எந்த உயரத்தில் கடக்கிறதோ அந்த இடம் ஒட்டினால் போதும்.

ஜன்னலை ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் திடீரென்று ஊதிப் பெருக்கிறது என்றால் இரண்டின் ஸ்கேலும் பொருந்தவில்லை. முன்னே சொன்ன வகுத்தல் கணக்கைத் தனித்தனியாகப் போடுங்கள். லேப்டாப்புக்கு 150, மானிட்டருக்கு 100 வைத்தால் 105-ம் 92-ம் வரும். கண்ணுக்கு உறுத்தாது.

அறிகுறி: புரொஜெக்டரைக் கழற்றிய பிறகு எல்லாம் மாறிக் கிடக்கிறது

இரண்டிலும் ஒரே படம் காட்டும்போது லேப்டாப், புரொஜெக்டரின் ரெசல்யூஷனுக்கு இறங்கிவிடும். சில சமயம் கழற்றிய பிறகும் அங்கேயே நின்றுவிடும். ‘ரெகமெண்டட்’ தேர்ந்தெடுத்தால் முடிந்தது. கலைந்துபோன ஐகான்களை மட்டும் கையால்தான் அடுக்க வேண்டும். அடுத்தமுறை விண்டோஸ் விசையுடன் பி (P) அழுத்தி ‘டூப்ளிகேட்’டுக்குப் பதில் ‘எக்ஸ்டெண்ட்’ வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குத் தலைகீழான தொல்லையும் உண்டு. காணொளிக் கூட்டத்தில் நீங்கள் 4கே திரையைப் பகிர்கிறீர்கள், மறுபக்கம் 1366 புள்ளி அகல லேப்டாப்பில் பார்ப்பவருக்கு அது 2.8 மடங்கு சுருங்கி எறும்பு வரிசையாகத் தெரிகிறது. மரியாதைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். திரை முழுவதையும் பகிராமல் ஒரு ஜன்னலை மட்டும் சின்னதாக்கிப் பகிருங்கள். முழுத் திரையையும் காட்டியே ஆக வேண்டுமென்றால் கூட்டம் முடியும்வரை ரெசல்யூஷனை 1920 × 1080-க்கு இறக்கிக்கொள்ளலாம். வேண்டுமென்றே ரெசல்யூஷனைக் குறைக்க நான் ஒப்புக்கொள்ளும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, கண் மட்டும் வலிக்கிறது

வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தாளைவிடத் திரை விளக்குப்போல ஒளிர்ந்தால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். திரைக்கும் கண்ணுக்கும் இடையே 50 முதல் 70 சென்டிமீட்டர் இருக்கட்டும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தைத் தாண்ட வேண்டாம். புரோகிரசிவ் கண்ணாடி போடுபவர்கள் மானிட்டரை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். கிட்டப் பார்க்கும் பகுதி கண்ணாடியின் அடியில் இருப்பதால், உயரத்தில் இருக்கும் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து வந்து, படிப்பதற்கென்று கண்ணாடி வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்தக் கண்ணாடி பொதுவாகப் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு, ஏறக்குறைய 40 சென்டிமீட்டருக்கு, அளந்து கொடுப்பது. மானிட்டர் இருப்பதோ 60-க்கு அப்பால். எந்த ஸ்கேலை வைத்தாலும் எழுத்து பெரிதாக மங்குமே தவிரத் தெளியாது. கண் மருத்துவரிடம் ‘கம்ப்யூட்டர் பார்க்கிறேன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரைவரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அத்தையின் சீட்டில் 64 என்று இருந்தது.